கேளுங்கள், முழுசாகக் கேளுங்கள்

வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தவன். வேலை பார்த்த இடத்தில் என் பொறுப்பில் இருந்த பணத்தை எடுத்தேன், பிடிபட்டேன், தண்டனையை முடித்துவிட்டு வந்தேன். வெளியே வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உள்ளே இருந்தபோது வெல்டிங் கற்றுக்கொண்டேன். வெளியே வந்த புதிதில் ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்து ஒட்டிக் காட்டச் சொன்னார்கள். ஒட்டி முடித்து, மேலே படிந்த ஸ்லாக் என்ற கசடைத் தட்டிவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் சூடு ஆறும்வரை காத்திருந்து, ஒட்டின இடத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். "கை நடுங்காம ஓடியிருக்கு" என்றார். மூன்று ஆண்டுகளில் என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அப்புறம் அலுவலக அறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மூன்றாவது பக்கத்தில் அந்தக் கேள்வி: எப்போதாவது குற்றவாளி என்று தீர்ப்பு வந்திருக்கிறதா? பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு சின்னக் கட்டங்கள். என்ன குற்றம், எப்போது என்று எழுத ஒரு வரி இடம்கூட இல்லை. ஆம் என்பதில் டிக் போட்டேன். வாங்கிப் பார்த்த அம்மா படிவத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லி அனுப்பவே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்கள். என்னோடு உள்ளே இருந்த ஒருவர், "இல்லைன்னு போட்டுட்டுப் போயேன்" என்றார். அவர் அப்படித்தான் போட்டார், வேலையும் கிடைத்தது. எட்டு மாதம் கழித்துப் பின்னணியைச் சரிபார்த்தபோது தெரிந்துபோய், அன்று மதியமே அனுப்பிவிட்டார்கள். அந்த எட்டு மாதமும் அவர் ஒழுங்காக உறங்கியதில்லை. உங்கள் கட்டம் செய்கிற காரியத்தைப் பாருங்கள்: உண்மையைச் சொன்னவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது, பொய் சொன்னவனை உள்ளே விடுகிறது. நம்பகமான ஆளைத் தேடுகிறவர்கள் நீங்கள்தானே?

இது என் ஒருவனின் புலம்பல் இல்லை. டெவா பேஜர் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரே மாதிரித் தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பிப் பார்த்தார். ஆய்வு 2003இல் வெளிவந்தது. குற்றப் பதிவு இல்லாத வெள்ளையர்கள் போட்ட விண்ணப்பங்களில் 34 சதவீதத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். சிறையில் இருந்ததாகச் சொன்ன வெள்ளையர்களுக்கு அது 17 சதவீதம். பதிவே இல்லாத கறுப்பினத்தவருக்கு 14, பதிவு உள்ள கறுப்பினத்தவருக்கு வெறும் 5. கறுப்பினத்தவர் குற்றமே செய்யாதவராக இருந்தும், சிறை சென்ற வெள்ளையரைவிடக் குறைவாகவே கூப்பிடப்பட்டார். இதைப் படித்த அன்று என் கஷ்டத்தை நினைத்து அழுவதை நிறுத்தினேன்.

அப்படியானால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாமே என்பீர்கள். அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 1998இல் அதைச் செய்தது. வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் குற்றப் பதிவைப் பற்றிக் கேட்கலாம் என்று சட்டம் போட்டது. பிறகு பல மாநிலங்களும் நகரங்களும் இதே வழியில் விதிகள் கொண்டுவந்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் இப்படி விதி வந்தபோது இரண்டு ஆய்வாளர்கள் சுமார் 15,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். முன்பு படிவத்தில் அந்தக் கேள்வியை வைத்திருந்த நிறுவனங்கள், கேள்வி இருந்தபோது கறுப்பினத்தவரைவிட வெள்ளையரை 7 சதவீதம் கூடுதலாகக் கூப்பிட்டன. கேள்வியை எடுத்த பிறகு அது 43 சதவீதமானது. பதிவு கண்ணில் படாதபோது, கறுப்பினத்தவர் பெயரா வெள்ளையர் பெயரா என்று பார்த்தே யார் சிறை சென்றிருப்பார் என்று ஊகித்திருக்கிறார்கள்.

அதனால் கேட்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தாமதமாகக் கேளுங்கள், கையின் வேலையைப் பார்த்த பிறகு கேளுங்கள். ஆனால் கேட்கும்போது முழுசாகக் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்று ஒரு நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. மிசூரி பசிபிக் என்ற அமெரிக்க ரயில் நிறுவனம், சிறு போக்குவரத்துக் குற்றம் தவிர வேறு எதில் தண்டனை பெற்றிருந்தாலும் வேலை கிடையாது என்று வைத்திருந்தது. ராணுவத்தில் சேர மறுத்ததற்காகச் சிறை சென்ற ஒருவர் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தார். அவரையும் அப்படியே தள்ளினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. என்ன குற்றம், எவ்வளவு கடுமையானது? தண்டனை முடிந்து எவ்வளவு காலம் ஆயிற்று? இந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இந்த மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது.

காலம் என்பது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. நியூயார்க் மாநிலத்தில் 1980இல் முதல்முறை கைதானவர்களின் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். 18 வயதில் வழிப்பறிக்காகக் கைதான ஒருவர் 7.7 ஆண்டுகள் வேறு வழக்கு இல்லாமல் இருந்துவிட்டால், அவர் மறுபடி கைதாகும் வாய்ப்பும் அதே வயதுள்ள மற்ற எல்லோருக்கும் இருக்கும் வாய்ப்பும் ஒன்றாகிவிடுகின்றன. வீடு புகுந்து திருடியவர்களுக்கு அது 3.8 ஆண்டுகள். இருபது ஆண்டுக்கு முந்தைய வழக்குக்காக ஐம்பது வயதுக்காரரைத் திருப்பி அனுப்பும்போது நீங்கள் எந்த ஆபத்தைத் தடுக்கிறீர்கள்?

என் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. கல்லாவில் என்னை உட்கார வைக்காதீர்கள், கணக்குப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். நானாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன். நான் கேட்பது வெல்டிங் வேலை.

அன்று அந்தப் படிவத்தைக் கவிழ்த்து வைக்காமல் என்ன நடந்தது என்று கேட்டிருந்தால், இதைத்தான் சொல்லியிருப்பேன்: "அம்மா, கடன் நெருக்கியது, பணத்தை எடுத்தேன், என் தவறுதான். எடுத்ததை மாதாமாதம் திருப்பிக் கட்டப்போகிறேன், அதற்குத்தான் இந்த வேலை வேண்டும். இங்கே பணம் என் கைக்கு வராது, தகடும் ராடும்தான் வரும். ஒரு மாதம் சோதனைக்கு வைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலை எத்தனை மணிக்கு வரட்டும்?"