நான்கு பெண்களைப் பெற்ற ராஜா

அன்புள்ள கோமு,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "ஏட்டி, இருக்கியா, போய்ச் சேர்ந்திட்டியா" என்று ஆரம்பித்து நீ என்னை வைத வசவில் பாதி ராஜத்துக்குச் சேர வேண்டியது. அவளும்தான் யாரோடும் பேசுவதில்லை. போனில் கூப்பிட்டிருப்பேன். ஆனால் போனில் நீ என்னைப் பேச விட்டதாகச் சரித்திரமே இல்லை. கடிதமென்றால் குறுக்கே பாய முடியாது பார், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, வாய் மட்டும் இறங்கக் காணோம். சின்னவளுக்கு வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். அவளே பார்த்துக்கொள்வாளாம். என் முட்டி அப்படியேதான். போதுமா?

இப்போது சண்டைக்கு வருகிறேன். போன தடவை பேசும்போது நான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எருசலேமை ஆண்ட மெலிசெண்ட் ராணியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்ததும், "மகன் தலையெடுத்த பிறகும் நாற்காலியை விடாத பேராசைக்காரிதானே" என்று ஒரே போடாகப் போட்டாய். பேத்தி அழுகிறாள் என்று போனையும் வைத்துவிட்டாய். எம்.ஏ. வகுப்பில், எருசலேமுக்காக ஐரோப்பியர் நடத்திய சிலுவைப் போர்களை நான்கு பக்க நோட்ஸில் முடித்த புண்ணியவான்கள் நாம். அதில் ராஜாக்கள் பேர்தான் இருந்தது. சபையாரோடு எருசலேம் போய்வந்ததிலிருந்து நான் அந்த ராஜாக்களின் வீட்டுப் பெண்களைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே சும்மா கேள்.

அப்பாவிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்கு ஏறும். இரண்டாம் பால்ட்வின். பிரான்ஸிலிருந்து முதல் சிலுவைப் போருக்கு வந்தவன், 1118-இல் எருசலேமுக்கு ராஜாவானான். அதற்கு முன் வடக்கே எடெஸ்ஸாவில் பிரபு. மெலித்தீன் என்ற ஊரை ஆண்ட ஆர்மீனியன் கபிரியேலின் மகள் மோர்ஃபியாவைக் கட்டியிருந்தான். பேர்தான் பிரபு, கையில் காசு கிடையாது, வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி. என்ன செய்தான் தெரியுமா? மாமனாரோடு இருக்கும் நேரம் பார்த்து, பேசிவைத்தபடி வீரர்கள் வந்து நின்றார்கள். சம்பளம் கொடு, இல்லாவிட்டால் அடகு வைத்ததைக் கொடு. அடகு வைத்தது எதையாம்? தாடியை! கபிரியேலுக்கு மயக்கம் வராத குறை. அந்த ஊரில் தாடி போனால் மானம் போன மாதிரி. 30,000 பொற்காசை எண்ணி வைத்துவிட்டு, இனிமேல் தாடியை அடகு வைப்பதில்லை என்று மருமகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். தீரு நகரத்துப் பேராயர் வில்லியம் எழுதிவைத்த கதை இது. நடந்ததோ இல்லையோ, நம் தாடி சாருக்கு மட்டும் இது தெரிந்திருந்தால் அந்த மெஸ் பாக்கியை அடைத்திருப்பார்.

இந்த மனுஷனுக்கு நான்கும் பெண்கள். மெலிசெண்ட், ஆலிஸ், ஹோதியேர்னா, யோவெத்தா. மோர்ஃபியா செத்த பிறகும் ஆண்வாரிசு வேண்டுமென்று அவன் இன்னொருத்தியைக் கட்டவில்லை. அதற்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் முழுசாகப் பிடித்துவிடவும் இல்லை. 1123-இல் துருக்கியத் தளபதி பலக்கிடம் அகப்பட்டுச் சிறையில் கிடந்தான். அடுத்த வருஷம் விடுதலைக்குப் பேரம் பேசியபோது பணயமாகப் போனது யார்? கடைக்குட்டி யோவெத்தா. ஐந்து வயது இருக்கும். அப்பா வெளியே வந்தார், பிள்ளை உள்ளே போனாள். 1125-இல் மீட்டுவிட்டார்கள் என்றாலும் அந்த வருஷத்தை அந்தக் குழந்தை எப்படிக் கழித்தாளோ. அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இரண்டாமவள் ஆலிஸ் அப்படியே நம் பிரேமா. அந்தியோகியாவின் இளவரசன் இரண்டாம் பொஹிமோண்டைக் கட்டினாள். அவன் 1130-இல் போரில் மாண்டான். பெண்குழந்தை கான்ஸ்டன்ஸுக்கு இரண்டு வயது. ஊரை நானே ஆளுவேன் என்று ஆலிஸ் கிளம்பிவிட்டாள். அப்பா படையோடு வருகிறார் என்று தெரிந்ததும், அலெப்போவை ஆண்ட முஸ்லிம் தளபதி ஸெங்கியிடம் உதவி கேட்டு ஆளனுப்பினாள். கூடவே ஒரு வெள்ளைக் குதிரை, வெள்ளி லாடம், வெள்ளிக் கடிவாளம். வழியிலேயே தூதன் அப்பாவிடம் பிடிபட்டான். அப்பா வந்தபோது வாசலைச் சாத்திவிட்டாள்! உள்ளே இருந்தவர்கள் திறந்துவிட்டதும் காலில் விழுந்து அழுதாள். அத்தோடு விட்டாளா? சில வருஷம் கழித்து, பிரான்ஸிலிருந்து வருகிற அழகன் ரேமோண்ட் உன்னைத்தான் கட்டப்போகிறான் என்று அந்தியோகியாவின் பேராயர் ஆசை காட்ட, இவள் இங்கே கல்யாண ஏற்பாட்டில் இருந்தாள். அங்கே கோயிலில் அவனுக்கும் இவள் மகளுக்கும் தாலி ஏறிவிட்டது. கான்ஸ்டன்ஸுக்கு அப்போது எட்டு வயதுதான். சிரித்துவிட்டுப் பிறகு யோசித்தால் வயிறு எரிகிறது.

சரி, மெலிசெண்ட். மூத்தவள், வாரிசு. அவளுக்கு மாப்பிள்ளையாக பிரான்ஸில் அஞ்சூ என்ற நாட்டின் பிரபு ஃபுல்க்கை வரவழைத்தார்கள். 1129-இல் கல்யாணம். ஃபுல்க் முதல் மனைவியை இழந்தவன், வளர்ந்த பிள்ளைகள் உண்டு. தன் நாட்டை மகன் ஜெஃப்ரியிடம் விட்டுவிட்டு வந்தான். அந்த ஜெஃப்ரி கட்டியிருந்ததும் ஒரு வாரிசுப் பெண்ணைத்தான், இங்கிலாந்து ராஜா முதலாம் ஹென்றியின் மகள் மெட்டில்டா. 1135-இல் ஹென்றி கண்ணை மூடியதும் மெட்டில்டாவின் அத்தை மகன் ஸ்டீபன் சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அங்கே மருமகள் பட்ட பாட்டையும் இங்கே மாமியார் பட்ட பாட்டையும் சேர்த்து யாராவது பாடம் நடத்தியிருந்தால் நான் முதல் வகுப்பு வாங்கியிருப்பேன்.

இனிதான் கவனி. 1131-இல் பால்ட்வின் சாகக் கிடக்கும்போது மூன்று பேரைக் கூப்பிட்டான்: மருமகன் ஃபுல்க், மகள் மெலிசெண்ட், ஒரு வயதுப் பேரன் பால்ட்வின். ராஜ்யத்தை மூன்று பேர் கையிலும் சேர்த்துக் கொடுத்தான். மருமகன் கையில் மட்டும் கொடுக்கவில்லை. பேரன் வளரும்வரை பார்த்துக்கொள் என்று மகளிடம் சொல்லவும் இல்லை. செப்டம்பரில் இயேசுவின் கல்லறை ஆலயத்தில் ஃபுல்க்குக்கும் அவளுக்கும் சேர்த்தே முடி சூட்டினார்கள். அவள் காபந்து ராணி இல்லை, கோமு. உன் மொத்த வாதமும் இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஃபுல்க்குக்கு அது பிடிக்கவில்லை. அஞ்சூவிலிருந்து வந்த தன் ஆட்களை உள்ளே நுழைத்து, இங்கேயே வேர்விட்ட குடும்பங்களை ஓரங்கட்டினான். 1134-இல் வெடித்தது. யோப்பாவின் பிரபு ஹியூ, மெலிசெண்டுக்கு உறவு. அவன் அப்பாவும் இவள் அப்பாவும் அக்கா தங்கை வயிற்றுப் பிள்ளைகள். நம் முறைப்படி ஹியூ அவளுக்கு உடன்பிறந்தான். அவர்கள் ஊரில் அந்தக் கணக்கு ஏது, இரண்டு பேருக்கும் தொடுப்பு என்று வதந்தி கிளம்பியது. சபையிலே ஹியூவின் மனைவிக்கு முதல் தாரத்தில் பிறந்த மகன் எழுந்து இவன் ராஜத் துரோகி, ஒற்றைக்கு ஒற்றை மோதத் தயாரா என்றான். ஹியூ குறித்த நாளில் வரவில்லை. பயந்தோ கோபித்தோ எகிப்தியர் கையிலிருந்த அஸ்கலோனுக்கு ஓடி உதவி கேட்டான். கூட இருந்தவர்களும் கைவிட்டார்கள். கடைசியில் மூன்று வருஷம் நாடுகடத்தல் என்று சமாதானமானது. கப்பலுக்குக் காத்திருந்த நாளில் எருசலேமில் ஒரு கடைவாசலில் அவன் பகடை ஆடிக்கொண்டிருந்தான். பிரான்ஸின் பிரித்தானிப் பக்கத்து வீரன் ஒருவன் வந்து சரமாரியாகக் கத்தியால் குத்தினான். ஊரெல்லாம் ராஜாவைச் சந்தேகித்தது. குத்தியவனுக்கு அங்கங்களை வெட்டும் தண்டனை. நாக்கை மட்டும் வெட்டக்கூடாது என்றான் ஃபுல்க். வாயை அடைக்கத்தான் வெட்டினார்கள் என்று பேச்சு வந்துவிடுமே! ஹியூ பிழைத்துக்கொண்டான், ஆனால் இத்தாலியில் போய்ச் செத்துப்போனான்.

அதன்பிறகு ராணிக்கு வந்த கோபம் இருக்கிறதே! ராஜாவின் ஆட்கள் வெளியே தலைகாட்டப் பயந்தார்கள், ராஜாவுக்கே உயிர்ப்பயமாம். அப்புறம் சின்னக் காரியத்தைக்கூட ஃபுல்க் அவளைக் கேட்காமல் செய்யவில்லை என்று வில்லியம் எழுதுகிறார். அவளுக்கென்று செய்த, பைபிள் சங்கீதங்களை எழுதிய ஜெபப் புத்தகம் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கணவன் சமாதானத்துக்குக் கொடுத்த பரிசாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். படத்தில்தான் பார்த்தேன். அட்டை தந்தத்தில் செதுக்கியது. முன்பக்கம் தாவீது ராஜாவின் கதை, பின்பக்கம் பசித்தவனுக்குச் சோறு, வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம் கொடுக்கிற ஒரு ராஜா. இடையிடையே நுணுக்கி நுணுக்கிக் கல் பதித்திருக்கிறார்கள். உள்ளே நாட்காட்டியில் அவள் அப்பா செத்த நாளும் அம்மா மோர்ஃபியா செத்த நாளும் குறித்திருக்கிறது. இவர் எனக்குச் சமாதானத்துக்கு வாங்கிக் கொடுத்த அதிகபட்சப் பரிசு பிரஷர் குக்கர். எழுதக்கூடாதென்று பார்த்தேன், எழுதிவிட்டேன்.

1143-இல் ஆக்கோ பக்கம் முயல் துரத்தப் போன ஃபுல்க்கைக் குதிரை தள்ளிவிட்டது, சேணம் தலையில் மோதிச் செத்தான். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் அன்று அவளுக்கும் 13 வயது மகனுக்கும் சேர்த்து முடிசூட்டினார்கள். பையன் 15 வயதில் மேஜர். அவனுக்கு 22 ஆகும்வரை அவள் விடவில்லை, நீ சொல்வது அதுதானே? ஆனால் அவள் விடவேண்டிய எதையும் அவன் கேட்கவில்லை, அவளுக்கே உரிய பங்கைத்தான் கேட்டான். 1152 ஈஸ்டருக்குத் தனக்கு மட்டும் முடிசூட்டச் சொன்னான். அம்மாவையும் சேர்த்துக்கொள் என்று பேராயர் புத்தி சொன்னதும் அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டு, மறுநாள் தலையில் முடியோடு ஊருக்குள் வந்தான். பிறகு ராஜ்யத்தைப் பிரித்தார்கள். அவனுக்கு ஆக்கோ, தீரு. அவளுக்கு எருசலேமும் நாப்ளஸும். அது ஆறுவதற்குள் படையோடு வந்துவிட்டான். ஊர்க்காரர்கள் வாசலைத் திறந்துவிட்டார்கள். அவள் தாவீதின் கோபுரத்துக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டாள். பெற்ற மகன் கல் எறியும் பொறியை நிறுத்தி அம்மா இருந்த கோட்டையை அடித்தான்.

அவள் பக்கமும் தப்பு உண்டு, நான் ஒன்றும் கண்மூடி இல்லை. அத்தை மகன் மனாசேயைப் படைத்தலைவனாக்கித் தலையில் தூக்கிவைத்தாள். அவன் இபெலின் என்ற பிரபு குடும்பத்து விதவையைக் கட்டி அவள் பிள்ளைகளின் ஆத்திரத்தைச் சம்பாதித்தான், அந்தப் பிள்ளைகள் மகன் பக்கம் போனார்கள். போர் என்று வந்தால் குதிரையேறி முன்னால் போகிறவன் வேண்டும் என்ற காலம். மறுவருஷமே அஸ்கலோனை மகன் பிடித்தான், மறுக்கவில்லை. ஆனால் எடெஸ்ஸா விழுந்தபோது, தமஸ்குவை முற்றுகையிடப்போய் இரண்டாம் சிலுவைப் படை அவமானப்பட்டுத் திரும்பியபோது, எருசலேம் ஆடாமல் நின்றது இவள் நிர்வாகத்தில்தான். நகரத்தில் கூரைபோட்ட கடைத்தெரு கட்டினாள். யாத்திரிகர்களுக்குச் சமைத்து விற்கிற அந்தத் தெருவுக்கு ஜனங்கள் வைத்த பேர் 'கெட்ட சமையல் தெரு'. உன் மாமியார் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

அவள் காலத்தில் எழுந்த புனித அன்னாள் ஆலயத்தில் எங்கள் கூட்டம் ஒரு கீர்த்தனை பாடியது. அந்தக் கற்சுவர் குரலைத் திருப்பித் திருப்பித் தருகிறது, சுருதி பேதமாகப் பாடுகிற நம் குமாஸ்தா அண்ணன்கூட நன்றாகக் கேட்டார். மரியாளின் கல்லறைக்கு இறங்குகிற நீளமான படிக்கட்டில் பாதியில், வலப்பக்கம் ஒரு சின்ன அறை. எண்ணெய் விளக்கு, படங்கள், கறுத்த கல். மெலிசெண்டை அடக்கியது அங்கேதான். எல்லாரும் கீழே ஜெபத்துக்குப் போக, முட்டி வலியைச் சாக்கிட்டு நான் அங்கேயே நின்றேன்.

தோற்றபின் நாப்ளஸ் அவளுக்கென்று மிஞ்சியது. மகனும் பிறகு அவளிடம் யோசனை கேட்காமல் இல்லை. அந்த வருஷமே ஹோதியேர்னாவுக்கும் அவள் கணவன் திரிப்போலிப் பிரபுவுக்கும் சண்டையென்று மெலிசெண்ட் பஞ்சாயத்துக்குப் போனாள். தங்கையைக் கொஞ்சநாள் தன்னோடு வைத்துக்கொள்ளக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியனுப்பிவிட்டுத் திரும்பிய கணவனை ஊர்வாசலிலேயே கொலையாளிகள் வெட்டிப்போட்டார்கள். யோவெத்தாவுக்காக அவள் முன்பே பெத்தானியாவில் மடம் கட்டி, எரிகோவின் வருமானத்தை அதற்கு எழுதிவைத்திருந்தாள். பணயமாகப் போன அந்தக் குழந்தை மடத்துத் தலைவியானாள். 1161-இல் மெலிசெண்ட் நினைவு தப்பிப் படுத்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்கள் அந்த இரண்டு தங்கைகளும்தான்.

கோமு, ராஜம் ஒரு விஷயம் சொன்னாள். உன் அண்ணன்மார், நீ பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தை டைப் அடித்து எடுத்துக்கொண்டு வந்தார்களாமே. நீ என்னிடம் மூச்சுவிடவில்லை. இதற்காகத்தான் ராணி கதையைச் சுற்றி வளைத்தாள் என்று நினைக்காதே, ராஜ்யம் வேறு, உங்கள் நாலு சென்ட் மனை வேறு. கையெழுத்துப் போடாதே என்று சொல்ல நான் யார்? அண்ணன்மார் வேண்டுமென்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் அவர்கள் காப்பி குடிக்கிற நேரத்துக்குள் போட்டுக்கொடுக்காதே. ஒரு நகல் வாங்கி வை. என் தம்பி மகள் பாளையங்கோட்டையில் வக்கீல், காசு வாங்கமாட்டாள், உனக்குப் போன் பண்ணச் சொல்லவா? உன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அப்புறம் விட்டுக்கொடு. அம்மாவைக் கடைசிவரை பார்த்தவள் நீ. அதை அந்தப் பத்திரத்தில் எந்த வரியிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

சரி, நீ மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாய். விடு. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், கருப்பட்டி வாங்கி வை, கடையில் கொடுக்கிற சர்க்கரை கலந்த சவத்தை அல்ல. அதற்குள் ஒரு பதில் எழுது, வாய்ஸ் மெசேஜ் கூடாது. பால்ட்வின் தாத்தா மூன்று பேருக்கும் சேர்த்துக் கொடுத்ததைப் படித்த பிறகும் பேராசைக்காரி என்கிறாயா, இல்லையா? அதையும், வக்கீலுக்கு உன் நம்பரைக் கொடுக்கலாமா என்பதையும் மட்டும் எழுதினால் போதும்.

உன்
ஸ்டெல்லா