குழுச் செயல்பாட்டு மதிப்பெண்கள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

எட்டாம் வகுப்பு மாணவர்களின் மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் சிலர் எழுப்பிய குறை நியாயமானது. அறிவியல் செயல்திட்டத்தை நான்கு பேர் கொண்ட குழுவிடம் ஒப்படைத்தால், இரவு கண்விழித்து வேலையை முடிப்பது ஒரு பிள்ளை, மதிப்பெண் பெறுவது நால்வரும் என்பதே அக்குறை. "இயற்கையிலேயே வலியதுதான் பிழைக்கிறது, பிறகு ஏன் பிள்ளைகளைச் சேர்ந்து வேலை செய்யச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டதற்கு அன்று சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

இயற்கையில் போட்டி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் ஊர் வயலில் நிற்கும் உளுந்தைப் பூக்கும் பருவத்தில் மண்ணோடு பெயர்த்து வேரைக் கழுவிப் பார்த்தால், கடுகளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் முடிச்சுகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். நகத்தால் கீறும்போது உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். அதனுள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. பதிலுக்குச் செடி தான் தயாரித்த உணவில் ஒரு பங்கை அதற்கு அளிக்கிறது. அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதை நேர்த்தி செய்யும் உங்களில் பலருக்கு இது புதிய செய்தியாக இராது.

உணவை வாங்கிக்கொண்டு நைட்ரஜன் தராத பாக்டீரியாவின் கதி என்ன என்பதுதான் உங்கள் குறையோடு தொடர்புடைய கேள்வி. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சோயா மொச்சையின் சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத காற்றைச் செலுத்தி, பாக்டீரியா தன் வேலையைச் செய்ய இயலாதபடி செய்தார்கள். அந்த முடிச்சுகளுக்குள் செல்லும் ஆக்சிஜனைச் செடி குறைத்துக்கொண்டதற்கான அடையாளங்கள் தென்பட்டன. அவற்றிலிருந்த பாக்டீரியாவின் பெருக்கமும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தராதவனுக்குத் தொடர்ந்து படியளக்கும் ஏமாளியாகச் செடி இருக்கவில்லை.

மனிதர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. அந்நாளில் கண்மாய்ப் பாசனத்தில் வரத்துக் கால்வாயைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். நீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். மடையைத் திறந்து மூடும் பொறுப்பு நீர்பாய்ச்சிக்கு உரியது, அறுவடையின்போது அவருக்கு நெல்லாகக் கூலி. ஆள் அனுப்பாத வீட்டுக்குத் தண்டம் உண்டு. (அந்த ஏற்பாடு எல்லோருக்கும் நீதியாக இருந்ததென்று நான் சொல்ல மாட்டேன், மண் சுமந்த எல்லோருக்கும் நீரில் பங்கு இருந்ததில்லை.) பல நாடுகளின் பாசன அமைப்புகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மீன்பிடிப் பகுதிகளையும் ஆராய்ந்து 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீண்டகாலம் நிலைத்த கூட்டமைப்புகளில் கண்ட பொதுக்கூறுகளுள் இரண்டு இவை: யார் என்ன செய்கிறார்கள் என்பதை உறுப்பினர்களே கண்காணிக்கிறார்கள், முதல் மீறலுக்குச் சிறிய தண்டமும், தொடர்ந்தால் கூடுதல் தண்டமும் விதிக்கிறார்கள்.

எங்கள் குழுச் செயல்பாட்டில் இவ்விரண்டும் இல்லை. ஆகவே இப்பருவம் முதல் ஒவ்வொரு குழுவும் பணிக் குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கும். அன்றன்று யார் எதைச் செய்தார் என்பதை நால்வரும் கையொப்பமிட்டுப் பதிவு செய்வர். மதிப்பெண்ணில் பாதி குழுவுக்கும், மீதி ஆசிரியர் தனித்தனியே கேட்கும் கேள்விகளுக்கும் வழங்கப்படும். பங்களிக்காத மாணவரிடம் முதலில் குழுவினர் பேசுவர். பின்னர் ஆசிரியர் காரணத்தை விசாரிப்பார், ஏனெனில் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையையும் வேலைக்குச் சுணங்கும் பிள்ளையையும் ஒன்றாக நடத்த முடியாது. அதன் பிறகும் மாற்றமில்லையென்றால் அம்மாணவரின் மதிப்பெண் மட்டும் குறைக்கப்படும்.

வகுப்பறைப் பலகையில் தரவரிசை எழுதும் வழக்கத்தையும் நிறுத்துகிறோம். பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடங்களை அறிவிக்கும் முறையைத் தமிழக அரசே 2017இல் கைவிட்டுவிட்டது. முதல் மூன்று இடங்களுக்காக முயலும் பிள்ளைகள் தம் குறிப்புகளைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் கையால் மறைப்பதை எங்கள் ஆசிரியர்கள் நெடுநாளாகப் பார்த்து வருகிறார்கள். அதே சமயம், தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அங்கே போட்டி உண்மையானது. அதற்கான சிறப்பு வகுப்புகளும் விளையாட்டுப் போட்டிகளும் வழக்கம்போல் நடைபெறும்.

முதல் செயல்திட்டம் வேர்முடிச்சுகளைப் பற்றியதாகவே இருக்கும். உளுந்து அல்லது நிலக்கடலை பயிரிட்டுள்ள பெற்றோர், பூக்கும் பருவத்தில் குழுவுக்கு இரண்டாக வேர் அறாமல் செடிகளைக் கொடுத்தனுப்பினால் பேருதவியாக இருக்கும். மண்ணை உதற வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்