அந்த விளம்பரம் பற்றி

வெள்ளவத்தை

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய முதலீட்டு விளம்பரத்தை அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டார் வெயிலில் நீ உழைத்த காசு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்த விளம்பரமானாலும், எதைச் சொல்லி நம்மைச் சம்மதிக்க வைக்கிறது என்று பார். இதில் முதலில் வருவது கணக்கு: மாதம் 8 வீதம் இலாபம். கணக்கு நல்லது, சோதித்துப் பார்க்கலாம். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 96 வீதம். நாடு நொடிந்துபோன 2022 கடைசியில்கூட அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியலின் ஆண்டு வட்டி 30 வீதத்தைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். இவர்கள் எந்த வியாபாரத்தில் இத்தனை இலாபம் எடுக்கிறார்கள்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் வெள்ளை கோட் போட்ட ஒருவர் வந்து, தானும் காசு போட்டிருப்பதாகச் சொல்கிறார். வைத்தியர் சொன்னால் நம் ஆட்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். 1946இல் அமெரிக்காவில் கேமல் சிகரட்டும் இப்படித்தான் விளம்பரம் செய்தது: மற்றச் சிகரட்டுகளைவிடக் கேமலைத்தான் கூடுதலான வைத்தியர்கள் புகைக்கிறார்களாம். ஆளைக் காட்டி நம்பச் சொன்னால், அவருக்கு இந்த விஷயத்தில் என்ன தெரியும், இதற்குக் காசு வாங்கினாரா என்று கேள்.

‘ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள்’, ‘வெள்ளிக்கிழமையுடன் முடிகிறது’ என்பதெல்லாம் யோசிக்கவிடாமல் அவசரப்படுத்துவது. அதில் வேறு விஷயமில்லை.

என்னை உலுக்கியது கடைசிப் பகுதிதான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு தாய் காத்து நிற்கிறாள், மகன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான், ‘இனிப் பிரிவு இல்லை’ என்று எழுத்து விழுகிறது. அம்மா அழுதுவிட்டா. அந்த ஏக்கம் பொய்யில்லை மகன், எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணீர் 8 வீதத்துக்கு எப்படிச் சாட்சியாகும்? மனதைத் தொடுகிற விளம்பரமெல்லாம் பிழை என்று சொல்லவில்லை. டெங்கு காலத்தில் நோயில் கிடக்கும் பிள்ளையைக் காட்டி, தண்ணீர் தேங்கவிடாதீர்கள் என்கிறார்கள். பயமும் உண்மை, செய்யச் சொல்கிற வேலையும் அந்தப் பயத்தைப் போக்குகிற வேலை. இங்கே உன் ஏக்கத்துக்கும் அவர்கள் கேட்கிற காசுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

பொதுமக்களிடம் வைப்பு வாங்க அனுமதியுள்ள நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. புதிது புதிதாக ஆட்களைச் சேர்த்து அவர்களின் காசிலேயே ஓடும், தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் சிலவற்றின் பெயர்களையும் வெளியிட்டிருக்கிறது. நிறுவனத்தின் முழுப் பெயரை அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஒரு ரியாலும் போடாதே.

அன்புடன்,
அப்பா