பத்தமடைப் பாயும் 50 வெள்ளியும்

ஈசூன், சிங்கப்பூர்
28.12.2024

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. நானும் அவரும் இங்கே நல்ல சுகம். அப்பாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது, நான் கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டதா என்று எழுதுங்கள். கிறிஸ்மஸ் அன்று தொலைபேசியில் பேசும்போது, நீங்கள் இவருடைய அக்காவுக்காக நெய்யச் சொல்லி அனுப்பிய பாயைப் பற்றி, "மதினிக்குப் பாய் பிடித்திருந்ததா?" என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், இரண்டு முறையும் நான் பேச்சை மாற்றினேன். அடுத்த அறையில் எல்லோரும் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பது மற்றொன்று. நடந்ததை முழுவதும் எழுதினால்தான் என் மனம் ஆறும் என்பதால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

இங்கே பண்டிகை எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகளை இறக்கி முடிப்பதற்குள் ஆர்ச்சர்ட் சாலையில் கிறிஸ்மஸ் விளக்குகளை ஏற்றிவிடுகிறார்கள். 1984ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் வழக்கம் அது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் இந்த ஊரில், கடைத்தொகுதிகளின் வாசலில் பஞ்சைப் பனியாகத் தூவி வைத்திருக்கிறார்கள். வெளியே பெய்வதோ நமக்குப் பெய்கிற அதே வடகிழக்குப் பருவமழை. முதல் ஆண்டு அந்த விளக்குகளுக்குக் கீழே நின்று நான் மகிழ்ந்ததும் உண்மை, நம் வீட்டு வாசலில் அப்பா ஏணி வைத்துக் கட்டும் காகித நட்சத்திரத்தை நினைத்து அழுததும் உண்மை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த இரண்டு உணர்ச்சிகளும் ஒன்றாகத்தான் வருகின்றன.

ஆலயத்துக்குள் போய்விட்டால் இந்தக் கலக்கம் இல்லை. டோர்செட் சாலையில் உள்ள கிறைஸ்ட் சர்ச்சில் தமிழ் ஆராதனை நடக்கிறது. எனக்கு இங்கே 7 மணி ஆகும்போது உங்களுக்கு 4.30, நீங்கள் குளித்து, புதுச்சேலை உடுத்தி, இருட்டில் கதீட்ரலுக்குப் புறப்படும் நேரம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேதான் நானும் கதவைப் பூட்டினேன். நீங்கள் பாடுகிற அதே கீர்த்தனைகள், அதே பழைய மொழிபெயர்ப்பின் தமிழ், பிள்ளைகளின் தலையில் அதே மல்லிகைப்பூ. எனக்குக் கஷ்டமாக இருப்பது மதிய உணவுக்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரம்தான்.

தோ பாயோவில் உள்ள என் மாமியார் அத்தையின் வீட்டில்தான் எல்லோரும் கூடுவோம். பிரியாணி, கோழிப் பிரட்டல், அத்தை கையால் செய்த சூஜி கேக் என்று சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மரத்தடியில் குவித்திருக்கும் பரிசுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக, எல்லோரும் பார்க்கப் பிரிப்பார்கள். 2022இல், கல்யாணமாகி வந்த முதல் பண்டிகைக்கு, இந்த வழக்கம் தெரியாமல் நீங்கள் கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து டின்கள் இரண்டைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். எனக்கு 11 பொட்டலங்கள் வந்தன. திருப்பிக் கொடுக்க என் கையில் ஒன்றுமில்லை. சின்ன மாமியார் என் காதில் விழும்படியே, "வெறுங்கையோடு வரச் சொல்லியா வளர்த்தார்கள்?" என்று கேட்டார். அன்று அதை உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. அதன் பிறகு ஈஸ்டர் வரை அவர் என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறு ஆண்டு நான் கவனமாக இருந்தேன். ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் வாங்கினேன். அப்போது வேறு குறை வந்தது: மதினிக்கு வாங்கிய வாசனைத் திரவியம் ஓரகத்திக்கு வாங்கியதைவிட விலை குறைவு என்று கண்டுபிடித்தார்கள். ஒரே கடையில் வாங்கியிருந்ததால் விலையைத் தெரிந்துகொள்வது எளிதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு போயிருந்தது. நீங்களும் அப்பாவும் அந்த ஆண்டு பலகாரம் சுடாமல், அந்தப் பணத்தில் பாயும் போர்வையும் வாங்கி, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததைத் தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இந்தப் பக்கம் கூடத்தில் வாசனைத் திரவியத்தின் விலையைப் பற்றிக் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அம்மா. யாருக்காக வெட்கப்பட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நானும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நம் ஊரில் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம். பந்தலில் மேசை போட்டு, நோட்டை விரித்து, இன்னார் இவ்வளவு என்று சத்தமாகச் சொல்லித்தான் எழுதுகிறார்கள். வாங்கியவர் ஒரு நாள் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எதிர்மொய் குறைந்தால் சண்டை வருவதும் உண்டு. ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பண்டிகைப் பலகாரத் தட்டுக்கு அப்படி ஒரு நோட்டு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தட்டைக் காலியாகத் திருப்பாமல் ஒரு கை சீனியைப் போட்டுத் தருவார், அவ்வளவுதான். அந்தச் சீனியை யாரும் எடை போட்டதில்லை. இந்தக் குடும்பத்தில் மொய்யும் தட்டும் ஒன்றாகிவிட்டன. மொய்க்கணக்கைப் பளபளப்பான தாளில் சுற்றி, நாடா கட்டி, அன்பளிப்பு என்று கொடுக்கிறார்கள். கணக்கு என்று வாய்விட்டுச் சொன்னால் தப்பு. கணக்கை மறந்துவிட்டால் அதைவிடப் பெரிய தப்பு.

இது சிங்கப்பூரின் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் எதிர்வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா இருக்கிறார். முதல் ஆண்டு நான் ஒரு தட்டில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொண்டுபோனபோது, எதில் செய்தது, எந்த எண்ணெய் என்று தயக்கத்தோடு கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். அந்தத் தட்டு நோன்புப் பெருநாள் அன்று அவர் வீட்டுப் பலகாரத்தோடு திரும்பி வந்தது. அன்றிலிருந்து அந்த ஒரே தட்டு இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருக்கிறது.

அந்த வாசனைத் திரவியச் சண்டைக்குப் பிறகுதான், எல்லோருக்கும் எல்லோரும் வாங்க வேண்டாம், சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் வாங்கலாம், அதுவும் 50 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நம் பணத்தில் அது 3,000 ரூபாய்க்கு மேல். இந்த ஆண்டு என் சீட்டில் மதினியின் பெயர் வந்தது. நான் அதை உங்களிடம் சொன்னதும், "பெரிய நாத்தனாருக்குக் கடையில் வாங்கிக் கொடுக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்கள். பேருந்து மாறிப் பத்தமடைக்கு நீங்களே போனதும், பாய் முடைகிற அந்த அம்மாவின் வீட்டில் உட்கார்ந்து, கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை நெய்வது போல மதினியின் பெயரை நெய்யச் சொன்னதும், பண்டிகைக்குள் கிடைக்குமா என்று வாரம் தவறாமல் விசாரித்ததும் எனக்குத் தெரியும். திருச்சி விமானத்தில் வந்த சித்தப்பா மகன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்த்தான். பிரித்துப் பார்த்தபோது நானே அசந்துபோனேன். ஆற்றங்கரைக் கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் நூலாகக் கிழித்து நெய்த அந்தப் பாய், துணியைப் போல என் கையில் மடிந்தது. ஓரத்தில் சிவப்புக் கரை. நடுவில் அவர் பெயர், அதன் கீழே 2024.

மதினி பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு கணம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாயா? இந்தக் காலத்தில் யார் தரையில் படுக்கிறார்கள்?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சின்ன மாமியார், ஊரிலிருந்து வந்த பொருள் 50 வெள்ளிக்கு வந்திருக்காது, விலை என்ன என்று என்னிடமே கேட்டார். அம்மா விலையைச் சொல்லவில்லை என்றேன், உண்மையும் அதுதான். மதினி பாயை முழுவதும் விரிக்கவில்லை. பெயர் வந்த இடம் வரை விரித்து, எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது தன் பையை எடுத்துக்கொண்டார், மற்றவர்கள் கொடுத்த கேக்கை எடுத்துக்கொண்டார். பாய் அங்கேயே இருந்தது. நான் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எனக்கும் கோபம் இருந்தது, கொடுக்கவில்லை. எனக்கு வந்தது ஓரகத்தி தந்த பற்றுச்சீட்டு, அதாவது கடையில் 50 வெள்ளிக்குப் பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டு. அதில் நான் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

வீடு திரும்பும் ரயிலில் அவரிடம் நான் சண்டை போட்டேன். என் அம்மா எத்தனை முறை பேருந்து ஏறியிருப்பார் என்று உங்கள் அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். இவருடைய அப்பா, மாமா இறந்தபோது இவருக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூட வயதாம். மதினி படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போய், ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தம்பிகள் இருவருக்கும் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு தம்பிகள் சம்பாதித்தார்கள், மனைவிகள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். எல்லோருக்கும் யோசித்து யோசித்து வாங்கியவர் அவர். அவருக்குத் திரும்பி வந்தவை சோப்புப் பெட்டியும் மெழுகுவர்த்தியும் குவளையும். அவருக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லையாம். "அக்கா விலையைப் பார்ப்பது பணத்துக்காக இல்லை, வேறு எதை வைத்து அவர் தெரிந்துகொள்வார்?" என்று அவர் கேட்டார். அதைக் கேட்டபின் என் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதி அப்படியேதான் இருந்தது, ஏனென்றால் அந்தச் சிரிப்பு உங்களையும் சேர்த்துச் சிரித்த சிரிப்பு.

மறுநாள் வியாழக்கிழமை. இங்கே 26ஆம் தேதி விடுமுறை இல்லை. எல்லோரும் வேலைக்குப் போய்விட்டோம். நேற்று இரவு அத்தை தொலைபேசியில் அழைத்து, மதினி வேலை முடிந்து வந்து பாயை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். பெயர் நெய்திருப்பதால் அதை வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது, அதனால்தான் எடுத்துப் போயிருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். சற்று நேரத்தில் மதினியே அழைத்தார். இந்த மூன்று ஆண்டுகளில், யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வதற்கு அல்லாமல் அவர் என்னை அழைத்தது இதுவே முதல் முறை. பாயைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று சொன்னதற்கு வருத்தமும் தெரிவிக்கவில்லை. தண்ணீரில் கழுவலாமா, ஈரத்துணியால் துடைக்க வேண்டுமா, இந்த ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "மறக்காமல் கேள்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே அந்தப் பத்தமடை அம்மாவிடம் நன்றாக விசாரித்து, வெயிலில் காயப்போடலாமா, நிழலில்தான் போட வேண்டுமா, மடித்து வைப்பதா சுருட்டி வைப்பதா என்று விவரமாக எழுதுங்கள். குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டாம். உங்கள் கையெழுத்தில் தனித்தாளில் எழுதுங்கள், அதை அப்படியே மதினியிடம் கொடுத்துவிடுகிறேன். அடுத்த ஆண்டுக்கு முந்திரிக்கொத்து மட்டும் போதும். எதிர்வீட்டுத் தட்டுக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

அப்பாவுக்கும் தங்கச்சிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்