அந்த ஒரு பொய்யை மட்டும் ஏன் நம்பினீர்கள்?

மெல்பேர்ணில் தமிழில் ஒலிபரப்பும், காணொளி வெளியிடும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறிவிப்பாளர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

கடந்த சனிக்கிழமை மாலை கடையில் கணக்குப் பார்த்தபடி உங்கள் நிகழ்ச்சிகளில் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் "நல்ல காலம், அது நாங்கள் இல்லை" என்று இருந்துவிடுவீர்கள். சமையல் பகுதி போய்க்கொண்டிருந்தது. ஒரு நேயர் தொலைபேசியில் வந்து காளான் பிரட்டல் பற்றிக் கேட்டார். அறிவிப்பாளர் சொன்னார்: "தாராளமாகச் செய்யுங்கள். காய்ந்த காளானை மட்டும் ஆசியக் கடையில் வாங்கிவிடாதீர்கள். லியோன்காதா ஞாபகம் இருக்கிறதுதானே?" இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒரு பழைய பாட்டுப் போனது. லியோன்காதா என்றால், 2023 ஜூலையில் எரின் பற்றர்சன் என்ற பெண் வீட்டில் வைத்த விருந்தில் நச்சுக் காளான் சாப்பிட்டு மூவர் இறந்த விக்ரோறிய ஊர். காய்ந்த காளானை ஆசியக் கடையில் வாங்கியதாக அவர் சொல்லியிருந்தார்.

நானும் என் கணவரும் தென்கிழக்கு மெல்பேர்ணில் பதினேழு வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். குத்தரிசி, குரக்கன் மா, மிளகாய்த்தூள், மாசிக்கருவாடு, அவற்றோடு ஒரு தட்டில் காய்ந்த காளானும் உண்டு. ஆகையால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்கின் கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மோர்வெல் நீதிமன்றத்தில் ஏறத்தாழ பத்து வாரம் நடந்ததை அங்கே இருந்த நிருபர்களைவிட அதிகமாக நீங்கள்தான் அலசினீர்கள். விருந்தாளிகளுக்குச் சாம்பல் நிறத் தட்டு, எரின் பற்றர்சனுக்கு மட்டும் வேறு நிறத் தட்டு என்று உயிர்தப்பிய இயன் வில்கின்சன் சாட்சி சொன்ன அன்று, அந்தத் தட்டின் நிறம் செம்மஞ்சளா மண்ணிறமா என்று முக்கால் மணி நேரம் விவாதித்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். 2025 ஜூலை 7 அன்று மூன்று கொலைக்கும் ஒரு கொலை முயற்சிக்கும் எரின் குற்றவாளி என்று ஜூரர்கள் சொன்னதும், செப்டம்பர் 8 அன்று நீதியரசர் கிறிஸ்ரோபர் பீல் ஆயுள் தண்டனை விதித்து, 33 ஆண்டுகள் கழியும்வரை பரோல் இல்லை என்று சொன்னதும் உங்களுக்கு மனப்பாடம்.

அப்படியானால் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். அந்தப் பெண் சொன்ன எதையுமே நீங்கள் நம்பவில்லை. தனக்குப் புற்றுநோய் என்றார், நம்பவில்லை. உணவு உலர்த்தும் இயந்திரம் தன்னிடம் இருந்ததே இல்லை என்று பொலிசாரிடம் சொன்னார், நம்பவில்லை. காட்டுக் காளான் பறித்ததே இல்லை என்றார், அதையும் நம்பவில்லை. சரி, இவையெல்லாம் பொய் என்று பின்னர் வெளிவந்தன. ஆனால் "ஆசியக் கடையில் வாங்கிய காய்ந்த காளான்" என்று அவர் சொன்ன ஒன்றை மட்டும் இன்றுவரை தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்ட நீங்கள், இதற்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

அந்தக் கடைக்கு என்றுமே ஒரு பெயர் இருந்ததில்லை. ஓக்லி, கிளேட்டன், மவுண்ட் வேவர்லி, கிளென் வேவர்லி என்று புறநகர்களின் பெயர்கள்தான் வந்தன. எந்தத் தெரு, எந்தக் கடை, பொதி எப்படியிருந்தது என்று சுகாதாரத் திணைக்களம் அவரிடம் கேட்டது. மொனாஷ் மாநகரசபையின் சுகாதார அதிகாரி கடைகடையாக ஏறி இறங்கினார். அந்தக் கடை அகப்படவில்லை. எரின் அன்று சொன்னதில் இன்னொரு பாதியும் இருந்தது: மொட்டுக் காளான் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியதாம். அந்தப் பாதியைச் சொல்லி நீங்கள் யாரையும் எச்சரித்ததாக எனக்கு நினைவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் காளான் வாங்காதீர்கள் என்று எந்த அறிவிப்பாளரும் சிரிக்கவில்லை. அவுஸ்திரேலியக் காளான் வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. பண்ணைக் காளானில் இந்த நஞ்சு வரவே முடியாது என்று அந்த 2023 ஓகஸ்டிலேயே அறிக்கை விட்டார்கள். எங்களுக்கு ஏது சங்கம்? எங்களுக்கு நீங்கள்தான் இருந்தீர்கள்.

2023 ஓகஸ்ட் மூன்றாம் வாரம் ஒரு மாலை. பன்னிரண்டு வருடமாக எங்களிடம் சாமான் வாங்கும் ஒரு தங்கை, அவருடைய பிள்ளைகள் எங்கள் கடை முறுக்கைக் கடித்துத்தான் பல் முளைத்தார்கள், ஒரு காளான் பொதியோடு வந்தார். பொதி பிரிக்கப்படவில்லை. இரண்டு விரலால் நுனியைப் பிடித்து, பற்றுச்சீட்டோடு மேசையில் வைத்தார். "காசு வேண்டாம் அக்கா. பிள்ளைகள் இருக்கிற வீடு, உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். எனக்கு என்ன தெரியும் என்று அவர் நினைத்தார் என்பதை இன்றும் யோசிக்கிறேன். பொதியைத் திருப்பி, இறக்குமதி செய்தவரின் முகவரியையும் தொகுதி இலக்கத்தையும் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. அன்று காலை எந்த நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு வந்தார் என்பதை மட்டும் சொன்னார்.

அந்த மாதம் தட்டில் இருந்த காளான் ஒன்றும் அசையவில்லை. விற்காததைக் கடைக்காரன் வீட்டில் சாப்பிடுவது புதிதல்ல. எங்கள் வீட்டில் பல மாதம் திகதி நெருங்கிய சேமியாவில் ஓடியிருக்கிறது. இவரும் நாலு பொதியைக் கொண்டுவந்து ஊறவைத்தார். கறியை மேசையில் வைத்தேன். எங்கள் மகள், அப்போது பதினொரு வயது, கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, இது பரவாயில்லையா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. முதல் வாயை நான் எடுத்து வைத்தேன். பிறகுதான் அவள் சாப்பிட்டாள். பெற்ற பிள்ளைக்கு முன்னால், என் கையால் சமைத்ததை, நஞ்சில்லை என்று காட்டுவதற்காக நான் முதலில் தின்ன வேண்டியிருந்தது. பழைய அரசர்களுக்குத்தான் அப்படி ஆள் வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன்.

பக்கத்துக் கடை வியட்நாமியப் பெண்மணி வாசலில் அடுக்கியிருந்த காளான் பைகளை உள்ளே கொண்டுபோய்விட்டார். நல்ல வேளையாக அவருக்குத் தமிழ் தெரியாது. சனிக்கிழமை நீங்கள் சிரித்தது அவருக்கு விளங்கியிருக்காது.

இதை எழுதும்போது உங்களில் சிலர் சொல்லப்போவதும் கேட்கிறது: "அக்கா, எரினே சொன்னதைத்தானே நாங்கள் சொன்னோம்." அவர் கடைசியில் என்ன சொன்னார் என்பதையும் சொல்லியிருக்கலாமே! கூண்டில் எட்டு நாள் சாட்சியம் சொன்னாரே, அதில் 2020 முடக்கக் காலத்திலிருந்தே காளான் பறித்து வந்ததை ஒப்புக்கொண்டார். கடையில் வாங்கிய காளான் இருந்த டப்பாவில் தான் பறித்ததும் கலந்திருக்கலாம் என்று இப்போது நினைப்பதாகச் சொன்னார். அது ஒரு கொடிய விபத்து என்பதுதான் அவருடைய தரப்பின் வாதம். அதாவது, நஞ்சுக்குக் கடையைக் காட்டுவதை அவரே விட்டுவிட்டார். நீங்கள் விடவில்லை. ஜூரர்கள் விபத்து என்பதையும் ஏற்கவில்லை. வேண்டுமென்றே நஞ்சு வைத்தார் என்பதுதான் தீர்ப்பின் பொருள். வேண்டுமென்றே வைத்தவருக்கு, தெரியாமல் விற்ற கடை எதற்கு? அவர் எங்காவது ஒரு கடையில் நல்ல காளான் பொதி ஒன்றை வாங்கினாரா இல்லையா என்பது அவருக்கே வெளிச்சம். நஞ்சு அங்கிருந்து வரவில்லை. மேல்முறையீடு அவருடைய உரிமை. அங்கே என்ன முடிவானாலும் எங்கள் தட்டில் இருந்த பொதிக்கு அதில் பங்கில்லை.

வர முடியாது என்பதற்கு நீதிமன்றம்கூடத் தேவையில்லை. அந்த நச்சுக் காளான் உயிருள்ள மரத்தின் வேரோடு, இங்கே பெரும்பாலும் ஓக் மரத்தின் வேரோடு, ஒட்டி வாழ்வது. அதைப் பண்ணையில் வளர்த்து விற்க யாராலும் முடிந்ததில்லை. சீனாவிலிருந்து வரும் ஷிடாக்கே என்ற காளான், பண்ணையில் வளர்ந்து, காய்ந்து, பெயர் ஒட்டி வருவது. அதில் கோளாறு என்றால் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஒரு கடிதமும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பொய் சொன்னாளே, அது போதாதா?" என்று ஒரு காணொளியில் பத்துத் தரமாவது கேட்டிருப்பீர்கள். போதாது என்றுதான் நீதியரசர் ஜூரர்களுக்குச் சொன்னார். பொய் சொன்னவர் என்பதால் மட்டும் ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது, பயத்தில்கூட மனிதர் பொய் சொல்வார்கள் என்று. எரினை மாட்டிவைத்தவை நாக்கில்லாத பொருட்கள். லொக் என்ற ஊரில் அந்தக் காளான் முளைத்திருப்பதாக ஒருவர் இணையத்தில் பதிந்தது 2023 ஏப்ரல் 18. பத்து நாள் கழித்து எரினுடைய கைத்தொலைபேசி அந்தப் பக்கக் கோபுரத்தில் பதிவானது, அதே நாளில் அவர் உலர்த்தும் இயந்திரத்தை வாங்கினார். விருந்தாளிகள் மருத்துவமனையில் கிடந்த ஓகஸ்ட் 2 அன்று அந்த இயந்திரத்தைக் கூன்வாரா குப்பை நிலையத்தில் போட்டார். கமராவில் அவர், கட்டணம் அவருடைய வங்கி அட்டையில், இயந்திரத்தில் அவருடைய கைரேகையும் காளானின் எச்சமும். பொய்யின் பக்கத்தில் இத்தனை பொருள் வந்து நின்றபிறகுதான் பொய்க்குப் பாரம் வந்தது. அந்த ஆசியக் கடையின் பக்கத்தில் என்ன வந்து நின்றது? ஒரு பற்றுச்சீட்டாவது? ஒரு வெற்றுப் பையாவது?

சொல்லத்தான் வேண்டுமென்றால் சொல்ல வேறு எச்சரிக்கை இருக்கிறது. 2012 தொடக்கத்தில் கன்பராவில் இருவர் இதே காளானால் இறந்தார்கள். கடையில் வாங்கியதல்ல, வெளியே பறித்தது. ஆசிய நாடுகளில் சாப்பிடும் வைக்கோல் காளானின் மொட்டுப் போலவே இதன் மொட்டும் இருக்கும். மெல்பேர்ணில் இலையுதிர் காலத்து மழைக்குப் பின் பூங்காக்களில் ஓக் மரத்தடியில் முளைக்கிறது. ஊரில் மழை விட்ட காலையில் காளான் பொறுக்கிய கைகள் நம்முடையவை. இங்கே நடைக்குப் போகிற அம்மா அப்பாவுக்கு அந்தக் கை சும்மா இருக்காது. காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் இதன் நஞ்சு போகாது, சாப்பிட்டுப் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது, தெரியும்போது ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். இதை ஏப்ரல் மாதம் ஒரு தரம் சொன்னால் ஓர் உயிர் தப்பலாம். ஆனால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை, அதனால் நேரம் கிடைக்கவில்லைபோலும். "நஞ்சில்லாத பீஃப் வெலிங்டன்" என்று செய்முறை காட்டி ஒருவர் காணொளி போட நேரம் இருந்தது. டொன், கெயில், ஹெதர் என்று மூன்று முதியவர்கள் சாப்பிட்டுச் செத்த பண்டம் அது. மனைவியைப் பறிகொடுத்த இயன் வில்கின்சன், தனக்கு இழைத்ததை மன்னிப்பதாக நீதிமன்றத்தில் சொல்லிவிட்டுப் போனார். நமக்கு அது இன்னும் தொடர் நாடகம்.

தீபாவளி விளம்பரத்துக்கும் பொங்கல் விளம்பரத்துக்கும் நீங்கள் தேடி வருவது இந்த ஆசியக் கடைகளைத்தான் என்பதையும் மரியாதையோடு நினைவூட்டுகிறேன். கடந்த வருடமும் "நம்பிக்கையான தரம், நாணயமான விலை" என்று எங்கள் கடையைப் பற்றி உங்கள் கணீர்க் குரலில்தான் வாசித்தீர்கள். அதற்குப் பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். நீங்கள் ஊதியமில்லாமல், வேலை முடிந்து வந்து, இந்த நாட்டில் தமிழை ஒலிக்க வைக்கிறீர்கள். உங்கள் குரல் கேட்காவிட்டால் என் மாமியாருக்கு சனிக்கிழமை விடியாது. அவர் உங்களை நம்புகிறார், அதனால்தான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒரு திருத்தம். மன்னிப்புக்கூட வேண்டாம். அந்தக் கேலி போன அதே நேரத்தில், அதே சத்தத்தில், இவ்வளவும் வாசித்தால் போதும்:

"லியோன்காதா வழக்கில் நஞ்சுக் காளான் எந்த ஆசியக் கடையிலிருந்தும் வரவில்லை. அப்படி ஒரு கடை தேடியும் கிடைக்கவில்லை. முன்னர் நாங்கள் சொன்னது தவறு."

நேரம் பிடித்துப் பார்த்தேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை. இனி இந்த வழக்கைப் பேசும்போது ஆசியக் கடை என்ற சொல் வந்தால், அது அவர் சொன்ன கதை என்பதையும் அதே வசனத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். தயவுசெய்து திருத்தத்தை வாசியுங்கள்.

எந்தச் சனிக்கிழமை என்று முன்கூட்டியே அறிவித்தால், அன்று கடையில் வானொலியைச் சத்தமாக வைப்பேன். அந்தத் தங்கை இப்போதும் சனிக்கிழமைகளில்தான் வருகிறார்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு பலசரக்குக் கடைக்காரி
தென்கிழக்கு மெல்பேர்ண்