விலையைச் சொன்னீர்கள், நிபந்தனையையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவில் ஆளில்லாமல் கிடக்கும் கோட்டைகளும் மாளிகைகளும் விற்பனைக்கு வருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. பெங்களூரில் ஒரு நல்ல ஃபிளாட் வாங்கும் பணத்துக்குப் பிரான்சில் கோட்டையே வாங்கலாம் என்ற வரியை எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட, அன்றைக்கு முழுவதும் அதே பேச்சு. ஆனால் அந்த விலை ஏன் அவ்வளவு குறைவு, வாங்குபவர் தலையில் என்ன பொறுப்பு ஏறுகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நான் பெங்களூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பழைய பங்களாக்கள் கைமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இத்தாலியின் சிசிலித் தீவில் சம்பூக்கா, முசொமேலி போன்ற ஊர்களில் ஒரு யூரோவுக்கு வீடு கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் குறிப்பிட்ட வருடங்களுக்குள் வீட்டைச் சீர்செய்து முடிப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் அதற்குச் சில ஆயிரம் யூரோ முன்கூட்டியே கட்ட வேண்டும், வேலையை முடிக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. 2017இல் இத்தாலி அரசு கோட்டை, மடம், பண்ணை வீடு என்று நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களை இலவசமாகவே கொடுக்க முன்வந்தது. அங்கேயும் அதே கதைதான்: பழுது பார்த்து, பயணிகள் வந்து தங்கவோ சாப்பிடவோ ஏற்ற இடமாக நடத்த வேண்டும். பிரான்சில் வரலாற்றுச் சின்னம் என்று வகைப்படுத்தப்பட்ட கட்டடம் தனியார் சொத்தாகவே இருந்தாலும், 1913ஆம் வருடச் சட்டப்படி அரசு அனுமதி இல்லாமல் அதில் கைவைக்க முடியாது. இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டலாம் என்ற நினைப்போடு அங்கே யாரும் வரமாட்டார்கள். ஒழுகும் கூரையும் அதைக் காப்பாற்றும் கடமையும் சேர்ந்தேதான் விற்கப்படுகின்றன. விலை இறங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரான்சில் இருக்கும் லா மோத்-ஷாந்தெனியே கோட்டையின் கதை. 1932இல் தீப்பிடித்து எரிந்து, உள்ளே மரங்கள் முளைத்துக் கூரைக்கு மேல் வளர்ந்துவிட்ட கட்டடம் அது. 2017இல் இணையம் வழியாக உலகம் முழுவதிலும் இருந்து பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து அதை வாங்கிக் காப்பாற்றப் பதினாறு லட்சம் யூரோ திரட்டினார்கள். ஐம்பது யூரோ போட்டாலும் பங்குதாரர் ஆகலாம் என்று வைத்திருந்தார்கள். தனியாக ஒரு பணக்காரர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை பாருங்கள்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். ரிச்மண்ட் டவுன், ஃபிரேசர் டவுன், பசவனகுடி பக்கம் மங்களூர் ஓடு வேய்ந்த பழைய பங்களாக்கள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. ஜன்னலுக்கு மேல் கூர்மையாக மரக் குல்லாய் வைத்தது போல இருக்குமே, மங்கி டாப் என்பார்கள், அந்த வீடுகள். இப்படி ஒரு வீடு விற்பனைக்கு வந்தால் பத்திரத்தின் கடைசியில் சொத்தை விவரிக்கும் ஷெட்யூலைப் பாருங்கள். மனையின் நான்கு எல்லை, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று துல்லியமாக இருக்கும். வீட்டுக்கு அரை வரிதான்: 'அதிலுள்ள பழைய ஓட்டுக் கட்டடம்'. வாங்க வருபவர் கேட்பது எதிரே சாலை எத்தனை அடி அகலம், எத்தனை மாடிக்கு அனுமதி கிடைக்கும் என்பது மட்டும். வீட்டுக்குள் வந்து பார்க்காமலே அட்வான்ஸ் கொடுத்தவர்கள் உண்டு.

விற்பவர்களைத் திட்டுவது எளிது, எனக்கு மனம் வரவில்லை. தாத்தா கட்டிய வீட்டுக்கு ஏழெட்டு வாரிசுகள். பாதிப் பேர் வெளிநாட்டில், பவர் பத்திரம் அனுப்புகிறார்கள். உள்ளூரில் இருக்கும் ஒரு வயதான அத்தை மட்டும் அந்த வீட்டில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டிருப்பார். ஓடு மாற்றப் பணம் கொடு என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டை வைத்துக்கொண்டால் செலவு, இடித்தால் கோடிகள் என்று இருக்கும்போது அந்தக் குடும்பம் வேறு என்ன செய்யும்?

மும்பையில் ஹோமி பாபா வாழ்ந்த மெஹ்ராங்கீர் பங்களா 2014இல் 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அதை நினைவில்லமாக்க வேண்டும் என்று பாபா அணு ஆராய்ச்சி மைய ஊழியர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஆனாலும் 2016இல் பங்களா இடிக்கப்பட்டது. இந்திய அணு அறிவியலின் தந்தை இருந்த வீட்டுக்கே இந்தக் கதி. எங்கள் ஊர் அட்டாரா கச்சேரிக்கும், அதாவது இன்றைய கர்நாடக உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கும், 1980களில் இடிப்பு அபாயம் வந்தது. ஆற்காடு நாராயணசாமி முதலியார் ஒப்பந்தம் எடுத்து 1868இல் கட்டி முடித்த கட்டடம். மக்கள் கிளம்பி எதிர்த்தார்கள், வழக்கும் போட்டார்கள், தப்பியது. அது எல்லோர் கண்ணிலும் படும் அரசுக் கட்டடம். தனியார் வீடு போவது, சுற்றித் தகரம் அடித்த பிறகுதான் தெருவுக்கே தெரியும்.

அப்புறம் செட்டிநாடு. இதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெங்களூரைச் சுற்றியுள்ள பண்ணை வீடுகளிலும் ரிசார்ட்டுகளிலும் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களையும் செதுக்கிய நிலைக்கதவுகளையும் 'காரைக்குடிச் சரக்கு' என்று பெருமையாகக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு தூணும் ஒரு செட்டிநாட்டு வீட்டின் முகப்பிலிருந்தோ, வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியிலிருந்தோ பெயர்த்தது. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பணத்தில் எழுப்பிய வீடுகள் அவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், பிறகு அங்கே நிலங்கள் நாட்டுடைமையானதும் அந்த வருமானத்தை அடியோடு நிறுத்தின. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு, ஒவ்வொரு புள்ளிக்கும் வீட்டில் பங்கு என்பதால் மூன்று தலைமுறையில் ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். முழு வீட்டை வாங்கிக் காப்பாற்ற ஆள் கிடைக்காதபோது தூணும் கதவும் தனித்தனியே விலை போகின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு தூணைக்கூட நிறுத்த முடியாது.

செய்யக்கூடியது இருக்கிறது. மும்பையில் 1995இல் வந்த பாரம்பரியக் கட்டட விதிகளில், வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர் தான் பயன்படுத்தாத கட்டுமான உரிமையை வேறு இடத்துக்கு விற்க வழி வைத்தார்கள். சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு இதே மாதிரி டிடிஆர், அதாவது வேறு இடத்துக்கு மாற்றி விற்கக்கூடிய கட்டுமான உரிமை, கொடுப்பது பெங்களூருக்கும் தெரிந்த வேலைதான். பங்களாவைக் காப்பாற்றும் குடும்பத்துக்கும் அது உண்மையிலேயே கைக்கு வந்து சேரட்டும். வீடு விற்பனைக்கு வருவதற்கு முன்பே அது காக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடமா இல்லையா என்பது முடிவாகி, வில்லங்கச் சான்றில் அடமானம் தெரிவது போலவே அந்தக் கட்டுப்பாடும் தெரியட்டும். அப்போது வாங்குபவர் எதை வாங்குகிறோம் என்று அறிந்தே விலை பேசுவார். விற்கிற குடும்பத்துக்கும் நஷ்டம் வராது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையை இங்கிருந்து எழுதுங்கள். காரைக்குடிப் பக்கம் ஓட்டலாக மாறிப் பிழைத்த வீடுகளும், தரங்கம்பாடியில் கடலோரம் விடுதியாக நடக்கும் பங்களாவும் இருக்கின்றன. அத்தனை பங்காளிகளிடமும் கையெழுத்து எப்படி வாங்கினார்கள், விற்றார்களா குத்தகைக்கு விட்டார்களா, ஓடு மாற்றவும் சுண்ணாம்புச் சாந்து பூசவும் ஆட்கள் எங்கே கிடைத்தார்கள், எவ்வளவு ஆயிற்று என்று விசாரித்துப் போடுங்கள். இந்த விவரம் இல்லாமல்தான் என் மேஜைக்கு வரும் குடும்பங்கள் இடிப்பதற்கே கையெழுத்துப் போடுகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காக்ஸ் டவுன், பெங்களூரு