தென்னந்தோட்டத்தில் விழுந்த ஐஸ்லாந்து விமானம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் ரவி,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மட்டக்களப்பில் மழை பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் பின்னேரமானால் இருட்டிக்கொண்டு வருகிறது. சின்னவள் சுகமாகச் சென்னை போய்ச் சேர்ந்துவிட்டாள். மலிவு டிக்கெட்தான், ஒரேயொரு கைப்பையோடு போனாள். அவளை ஏற்றிவிட்டுக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது தென்னைமரங்களைக் கண்டதும் 1978 நினைவுக்கு வந்துவிட்டது மச்சான்.

அப்போது நாங்கள் நீர்கொழும்பில் இருந்தோம். நவம்பர் 15, புதன்கிழமை. இரவு முழுக்க இடியும் மழையும். விடிய எழும்பிப் பார்த்தால் அப்பா ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு நிற்கிறார். அம்மா கொடுத்த தேத்தண்ணீர் அவர் கையிலேயே ஆறி, மேலே ஆடை படர்ந்திருந்தது. “ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பி வந்த சனமாம்” என்று மட்டும் சொன்னார்.

அந்த இரவில் கட்டுநாயக்காவில் விழுந்த விமானத்தைப் பற்றிப் பிறகு தேடித் தேடி வாசித்தேன். டிசி-8-63 வகை, நான்கு எஞ்சின், 57 மீட்டர் நீளம். பதிவெழுத்து டிஎஃப்-எஃப்எல்ஏ. ஆயிரம் வருசத்துக்கு முன்பு அமெரிக்கக் கரையை எட்டிய லீவூர் எய்ரிக்சன் என்ற மாலுமியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். ஐஸ்லாந்தின் லொஃப்ட்லெய்டிர் கம்பெனியுடையது. இன்றைய மலிவு விமானங்களுக்கு அந்தக் கம்பெனிதான் மூத்த அண்ணன் என்று நான் சொல்வேன். 1944இல் மூன்று இளம் விமானிகள் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் எல்லாம் ஐயாட்டா என்ற சர்வதேச விமானக் கம்பெனிகளின் சங்கத்தில் சேர்ந்து கட்டணத்தை ஒன்றாக நிர்ணயித்தபோது இது சேரவில்லை. லக்சம்பர்க்கிலிருந்து ஐஸ்லாந்து வழியாக நியூயோர்க்குக்கு மற்றவர்களை விடக் குறைந்த காசில் கொண்டுபோனது. மாணவர்களும் முதுகில் மூட்டை கட்டிய ஹிப்பிகளும் அதில்தான் ஏறினார்கள். கையில் காசில்லாத பிள்ளைகளுக்குக் கடல் தாண்ட வழி திறந்தவர்கள் என்று எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

ஆனால் அட்லாண்டிக் கூட்டம் கோடையோடு கலைந்துவிடும். விமானம் சும்மா நின்றால் நட்டம். அதனால் ஹஜ் காலத்தில் இந்தோனேசிய யாத்திரிகர்களை ஏற்ற வாடகைக்கு விட்டார்கள். ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்கு ஒரே மூச்சில் போக முடியாது. எரிபொருள் நிரப்பவும் விமானிகளை மாற்றவும் கொழும்பில் இறங்க வேண்டும். அப்படித்தான் லீவூர் எய்ரிக்சன் நம் ஊருக்கு வந்தது.

249 பயணிகள், 13 ஊழியர்கள். இரவு பதினொன்றரை மணியளவில், ஓடுபாதையை எட்டும் முன்பே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 183 பேர் இறந்தார்கள், 79 பேர் தப்பினார்கள். விமானிகள் இறங்கும் முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று இலங்கை விசாரணை சொன்னது. விமான நிலையத்தின் வழிகாட்டும் கருவிகளில்தான் பிழை என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. அந்த வழக்கைத் தீர்க்க எனக்கு அறிவில்லை. கடமையை முடித்த நிம்மதியோடு வீடு திரும்பியவர்கள் அவர்கள். அதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. சரியாக எட்டு நாள் கழித்து, 23ஆம் தேதி, உங்கள் ஊரைச் சூறாவளி அடித்துப் போட்டது. கூரைத் தகரம் பறந்த இரவை நீ பேராதனை விடுதியில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்! அதற்குப் பிறகு நாட்டில் யாருக்கு அந்த விமானத்தைப் பற்றிப் பேச நேரம்? அப்படியே மூடுண்டு போய்விட்டது.

1974 டிசம்பர் 4இல் மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதியதும் டிசி-8தான். அதிலும் ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியர்களே. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த விமானத்தின் டயர் ஒன்றை நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுக்கு வைத்திருக்கிறார்கள். போன வருசம் மழையில் நனைந்துகொண்டு கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். அந்த வழியாகப் போகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களாவது ஒரு கணம் நினைப்பார்கள். கட்டுநாயக்காத் தென்னைகளுக்கு நடுவில் அப்படி ஒன்றையும் நான் காணவில்லை.

தை மாதம் நீ வரும்போது இரண்டு பேரும் அந்தப் பக்கம் ஒருக்கால் போய்வருவோமா? நீர்கொழும்பில் அந்த இரவைக் கண்ட வயதானவர்கள் இன்னும் இருப்பார்கள். கேட்டு எழுதி வைக்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
சேகர்